குந்தவையின் கலசம்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் எழில்மொழிக்கு ஓய்வு கிடையாது. பேரன் பேத்தி எடுத்த பிறகும் தாலி ஏறும்போது மணப்பெண்ணுக்கு ஒரு வெட்கம் வரும் பாருங்கள், அதை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. வரமுடியாத பிள்ளைகளுக்காக ஓர் இணையதளமும் வைத்திருந்தாள். கல்யாணம் அதில் நேரலையாக ஓடும். பழைய கல்யாணப் படங்களும் அதிலேயே கிடக்கும்.

அன்று குத்தாலம் துரைராசுக்கும் வள்ளியம்மைக்கும் அறுபதாம் கல்யாணம். அவர்கள் வயலில்தான் எழில்மொழியின் அம்மா ரெங்கம்மாள் காலமெல்லாம் நடவு நட்டாள். தாகமென்று வாசலில் நின்றால் அவளுக்குச் சொம்பு வராது. குவித்த கையில் உயரத்திலிருந்து தண்ணீர் விழும். அந்த வீட்டு மகள் குந்தவையும் எழில்மொழியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். படம் எடுக்க அவளைத்தான் கூப்பிட வேண்டுமென்று பிடிவாதம் பிடித்ததும் குந்தவைதான்.

பிள்ளைகள் ஆளுக்கொரு கலசம் எடுத்துப் பெற்றோர் தலையில் நீர் ஊற்றுவார்கள், பிறகுதான் தாலி. குந்தவைக்கு வெளிநாட்டில் அப்போதுதான் பிரசவமாகியிருந்தது. கலசத்துக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை, நேரலையிலாவது பார்த்துக்கொள்கிறேன் என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

ஹோமம் முடிகிற நேரத்தில் அவளிடமிருந்து தகவல் வந்தது. தளம் திறக்கவில்லை, ஆபாசம் என்று தடுத்திருக்கிறார்களாம். அந்த நாட்டில் குழந்தைகளைக் காக்க ஒரு கண்காணிப்புக் குழு. அது ஆகாத தளங்களுக்குப் பட்டியல் போடும், இணைய நிறுவனங்கள் கண்ணை மூடிக்கொண்டு அடைத்துவிடும்.

படங்களைச் சலித்துப் பார்க்கும் குழுவின் இயந்திரம் எதைக் கண்டு மிரண்டிருக்கும் என்று எழில்மொழிக்கு உடனே விளங்கிவிட்டது. கலச நீராட்டுக்கு எந்த ஆம்பளை சட்டை போட்டுக்கொண்டு உட்காருகிறான்? தொப்பையும் விபூதியுமாகத் தாத்தாக்கள், நனைந்த புடவையில் பாட்டிகள், படம் படமாக. எண்ணம் நல்லதுதான், யார் இல்லையென்றது? களையெடுக்க இறங்கியவர்கள் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மல்லுக்கு நிற்க இது நேரமில்லை.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, கைப்பேசியில் குந்தவையை அழைத்தாள். அவள் முகம் தெரிந்ததும் மணையருகே கொண்டுபோய் நீட்டினாள். நேரலையில் பார்க்கத்தான் முடியும். இதில் பேசலாமே. குந்தவை பேசினாள்.

"அப்பா, என் கலசம் யாரும் எடுக்காம இருக்குல்ல. எழில் ஊத்தட்டும். அவ கை என் கை."

ஒரு பெரியப்பா கனைத்தார். ஐயர் துரைராசைப் பார்த்தார், துரைராசு தரையைப் பார்த்தார். எழில்மொழிக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

வள்ளியம்மைதான் தலையைக் குனிந்துகொண்டாள். "ஊத்தும்மா. நல்ல நேரம் போயிடப்போவுது."

துரைராசும் குனிந்தார்.

ஒரு கையில் கைப்பேசி, ஒரு கையில் கலசம். கனம் தாங்காமல் கலசம் சரிந்ததில் பாதி நீர் கைப்பேசியிலும் கொட்டியது.

"ஒண்ணும் தெரியலடி, எல்லாம் தண்ணியா இருக்கு," என்றாள் குந்தவை, சிரித்துக்கொண்டா அழுதுகொண்டா என்று தெரியாத குரலில். "பரவால்ல, நானும் நனைஞ்சிட்டேன்."

எழில்மொழி குழுவுக்கு எழுதிப் போட்டு, பல மாதம் கழித்துத் தடை நீங்கியது. தவறுக்கு வருந்துகிறோம் என்று குழுவிடமிருந்து ஒரு வரி வந்தது. வருந்தட்டும், அவளுக்கு வருத்தமில்லை. ஸ்டாண்டில் நின்ற கேமரா தானாக எடுத்த, அவள் கலசம் ஊற்றும் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள்.

ரெங்கம்மாள் அதன் முன்னால் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்: "அவங்க தலையிலயா ஊத்துன?"

"ஆமாம்மா."

"குனிஞ்சாங்களா?"

"குனிஞ்சாங்கம்மா."

ரெங்கம்மாள் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு, சோறு ஆறுகிறது என்று மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.