எதிர்ப்பக்கம் இரண்டு கிலோமீட்டர்

1997 அக்டோபர் 15, புதன்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். மேற்கே வானம் கறுத்திருந்தது. காற்று இல்லை. சைக்கிள் சீட்டின்மேல் முதல் தூறல்கள் விழுந்தன. பதினொன்றுவரை எண்ணினேன், பிறகு எண்ண முடியவில்லை.

அடிஅண்ணாமலைப் பக்கம் ஓர் ஏரியில் தலைப்பிரட்டைகளை அளந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வேறோர் ஊரில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன், சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு அருகே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அந்தப் பகுதியில் அறை எடுக்கிற எல்லோரும் தியானத்துக்காக வந்தவர்கள். நான் அரணைக்காக வந்தவன். இதை வீட்டுக்காரர் கடைசிவரை நம்பவில்லை.

மலையடிவாரப் புதர்க்காட்டில், காய்ந்த இலைகளுக்குக் கீழே, சுண்டுவிரல் நீளத்தில் ஓர் அரணை இருக்கிறது. ஜவ்வாது மலையில் நான் பிடித்தவற்றுக்குப் பின்னங்காலில் ஐந்து விரல்கள். இங்கே பலவற்றுக்கு நான்குதான்; காலும் குட்டை. மண்ணுக்குள் புகுந்து வாழும் பல்லி இனங்கள் தலைமுறை தலைமுறையாகக் காலை இழப்பது உண்டு. சுற்றிலும் வயல் சூழ்ந்து தனித்துப்போன இந்த மலையில், அந்த இழப்பு பாதி வழியில் இருப்பதைப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். அதை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் அதே பிராணிகளைத் திரும்பத் திரும்பப் பிடித்து அளக்க வேண்டும். மற்றவர்கள் அடையாளத்துக்கு விரல் நுனியை வெட்டுவார்கள். நான் விரலையே எண்ணுகிறவன், அது முடியாது. வயிற்றுச் செதிலில் சிறிய வெட்டு ஒன்று போடுவேன். அப்படி முப்பத்தொரு அரணைகளுக்குப் போட்டிருந்தேன்.

அந்தப் புதர்க்காடு ஒன்றரை ஏக்கர். அதை வெட்டிச் சமன்செய்து, கிரிவலம் நடப்பவர்கள் இளைப்பாறக் கொட்டகை போடும் யோசனை இருந்தது. ஆய்வு நடக்கும்வரை தொடுவதில்லை என்று அனுமதி கொடுத்த அலுவலகம் ஒத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: என் பொறியில் பிராணி செத்தால் ஆய்வு நிற்கும்.

பொறி என்பது பெயின்ட் வாளி. இருபத்துநான்கு வாளிகளை விளிம்புவரை மண்ணில் புதைத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தாள் நிறுத்தியிருந்தேன். அரணை தாளை முட்டினால் ஏறிக் கடக்காது. ஓரமாகவே போய் வாளியில் விழும். வாளிக்கு அடியில் துளை போடுவதுதான் வழக்கம். முதலில் நானும் போட்டேன். துளை வழியே எறும்பு ஏறி அரணைகளைக் கடிக்கத் தொடங்கியதும், துளையில்லாத வாளிகளாக மாற்றினேன். மழை வந்தால் மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூடிகள் இருபத்துநான்கும் அங்கேயே ஒரு கல்லின்மேல் அடுக்கியிருந்தன.

கிரிவலக் கூட்டம் வரும் நாளில் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். நாட்காட்டியில் வியாழக்கிழமைத் தாளில் பௌர்ணமி என்று போட்டிருந்தது. ஆகவே வியாழனன்று முழுநாளும் அங்கே இருப்பதாகத் திட்டம். அதன்கீழே பொடி எழுத்தில் "காலை ஒன்பதே கால் வரை" என்று இருந்ததை நான் படிக்கவில்லை. திதி புதன் முற்பகலிலேயே பிறந்துவிட்டது, ஆகவே கிரிவலமும் புதன் இரவுதான். இந்த ஊரில் பூக்காரிக்கும் தெரிந்த விஷயம்.

ஏரிக்கரையிலிருந்து சாலைக்கு ஏறினால், சாலையைக் காணோம். தலைகள்தான். எல்லாம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. என் வாளிகள் எதிர்ப்பக்கம் இரண்டு கிலோமீட்டரில் இருந்தன.

முந்நூற்று நாற்பது அடி எடுத்துவைத்து எதிர்த்துப் போனேன். "சாமிய இடமா சுத்தறான் பாரு," என்றாள் ஒருத்தி. "கண்ணு தெரியலையாய்யா?" என்றது இன்னொரு குரல். மூங்கில் தடுப்பருகே ஒரு போலீஸ்காரர் என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"சார், எதிர்ல வரக்கூடாது."

"ரெண்டே கிலோமீட்டர்தாங்க. மழை வருது. வாளி நிறைஞ்சா அரணையெல்லாம் செத்துடும்."

"இன்னா சார் செத்துடும்?"

"அரணை."

அவர் திரும்பி, "யோவ், இங்க வாய்யா, சார் அரணையக் காப்பாத்தப் போறாராம்," என்று கூட இருந்தவரைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம் மரியாதையாகவே சொன்னார்: "வலமா போங்க சார். பன்னண்டு கிலோமீட்டர்தான். புண்ணியமாவது கிடைக்கும்."

மலைப்பக்கம் முள்வேலி. இந்தப் பக்கம் கடைகள். முரட்டு மனிதனாக இருந்தால் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தோளால் இடித்துக்கொண்டு போயிருப்பான். நான் சைக்கிளைத் திருப்பினேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தத் திருப்பத்தை நினைக்காத வாரம் கிடையாது.

ஏறி மிதிக்க இடமில்லை. உருட்டிக்கொண்டு, மழையில், ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டு நடந்தேன். வேகமாகவும் போக முடியாது, நிற்கவும் முடியாது. பக்கத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடுகிறவர்களாம்.

"அண்ணே, சைக்கிள என் காலுமேல ஏத்தாதீங்க," என்றாள் அந்த அம்மாள். சற்றுப் பொறுத்து, "இன்னா முணுமுணுக்கறீங்க, மந்திரமா?"

"அடி எண்றேன்."

"எண்ணினா ஜாஸ்திதான் ஆவும், கம்மி ஆவாது."

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுளித்தாள். "அரணையா? அது நக்கினாலே உசுரு போயிடும்னு சொல்வாங்களே!"

"அதுக்கு விஷமே கிடையாதும்மா."

"அத அதுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார் கணவர். இருவரும் சிரித்தார்கள். பிறகு அந்த அம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே, "அதுங்களுக்கும் சேத்து வேண்டிக்கறேன், போங்க," என்றாள். மகன் வேலைக்காக அவளுக்கு அது பதினோராவது பௌர்ணமி. நான் அவள் நடையைவிட அரை அடிகூட முந்த முடியவில்லை.

கோவிலருகே ஆட்டோக்களையெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். செங்கம் சாலையில் என் அறை வாசலையே கடந்தேன். வீட்டுக்காரர் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கரண்டியோடு ஓடிவந்தார். "சார், நீங்களுமா! கடைசியில வழிக்கு வந்துட்டீங்க!" என்று என் நெற்றியில் விபூதி பூசினார். சைக்கிளை அவரிடம் விட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. எட்டு மணி முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பதினாறாயிரத்துச் சொச்சம் அடி.

மழை விட்டிருந்தது. இருபத்துநான்கு வாளிகளிலும் விளிம்புவரை தண்ணீர். தவளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீந்திக்கொண்டிருந்தவை, விளிம்பில் உட்கார்ந்திருந்தவை என்று அறுபத்தொன்று. அரணைகள் பதினொன்று. இரண்டு, மிதந்த ஓர் இலைமேல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றைக் காய்ந்த பாறை இடுக்கில் விட்டேன். ஒன்பது மிதந்தன. டார்ச் வெளிச்சத்தில் வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன். ஏழில் நான் போட்ட வெட்டு இருந்தது.

பாதையில் நடந்துகொண்டிருந்தவர்கள் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. ஒன்பதையும் அங்கேயே புதைத்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குழிகூடத் தோண்டினேன், நான்கு விரற்கடை. ஆனால் புதைத்தால் என் நோட்டில் அந்த ஏழு அரணைகளும் உயிரோடு இருக்கும், நான் அவற்றைத் தேடிக்கொண்டே இருப்பதாக எழுத வேண்டும். பொய்யான எண்ணிக்கையை என்னால் எழுத முடியாது. இது நேர்மையா வியாதியா என்று எனக்கு இன்றும் தெரியாது. குழியை மூடிவிட்டு ஒன்பதையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் வேங்கிக்காலில் அனுமதி கொடுத்த அந்த அலுவலகத்துக்குப் போய் அறிக்கை கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் நாட்காட்டி விஷயத்தையும் எழுதியிருந்தேன். அதிகாரி சின்ன வயதுக்காரர், கோபப்படவில்லை. இரண்டு முறை படித்தார்.

"பௌர்ணமி என்னைக்குனு யாராவது ஒருத்தரக் கேட்டிருக்கலாமே சார்," என்றார்.

ஒன்பது மாதம் அந்த ஊரில் இருந்திருக்கிறேன். அரணை, தவளை, அடி, துளி எல்லாம் எண்ணியிருக்கிறேன். பக்கத்து மனிதரிடம் இன்றைக்கு என்ன நாள் என்று ஒருமுறை கேட்டதில்லை.

ஆய்வு நின்றது. நிபந்தனை அப்படி, அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாளிகளைத் தோண்டியெடுத்தேன், தாள்களைச் சுருட்டினேன். மூன்றாம் வருஷம் போய்ப் பார்த்தபோது புதர்க்காடு இல்லை. சிமெண்டுத் தரையும் கொட்டகையும் இருந்தன. நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்கள் நன்றாகவே இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓரங்களில் கல்லைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு கல். ஓர் அரணைகூட இல்லை. மலையின் வேறு பக்கங்களில் இருக்கலாம். நான்கு விரல் அரணையைப் பற்றி நான் சொல்ல நினைத்தது சந்தேகத்தோடேயே நின்றுபோனது.

செத்த பிராணிகளின் எண்ணிக்கைக்கு அறிக்கைத் தாளில் ஒரு கட்டம் இருந்தது. ஒன்பது என்று எழுதினேன். அவற்றைக் கெடாமலிருக்கச் சாராயத்தில் போடுமுன், புதன் இரவே அறையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருந்தேன். ஐந்து பெண். வயிற்றில் முட்டைகள், மூன்றும் நான்குமாக, மொத்தம் பதினேழு. அதற்குக் கட்டம் இல்லாததால் தாளில் எழுதவில்லை. என் கணக்கில் போனது இருபத்தாறு அரணை, ஒன்றரை ஏக்கர்.