மிலானுக்குப் பின் நூற்றிருபத்தாறு படங்கள்

1986 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, பின்னேரம் நாலு இருபது. காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறிய மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கடல் பக்கத்து யன்னல்களைச் சாத்தியிருந்தும் காற்றில் ஈரம் இருந்தது. இந்த ஈரத்தில் புகைப்படங்களை வெளியே எடுக்கக்கூடாது என்று நான் இரண்டு தரம் சொன்னேன். எனக்கு அப்போது பதினொரு வயதும் நாலு மாதமும். யாரும் காது கொடுக்கவில்லை.

இடம், வெள்ளவத்தையில் மாமாவின் பிளாட். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடி, ஐம்பத்து நாலு படிகள். நாங்கள் அதற்குக் கீழே இரண்டாம் மாடியில் இருந்தோம், முப்பத்தாறு படிகள். மாமா அம்மாவின் அண்ணன். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் தலைமைக் கிளாக்கர். வடக்கே சொந்த ஊரும் தெற்கே கதிர்காமமும்தான் அதுவரை அவர் கண்ட எல்லைகள். அப்படிப்பட்டவர் அந்த வருடம் யூலை முதலாம் திகதி, ஒரு சுற்றுலாக் கொம்பனி கூட்டிப்போன இருபத்து நாலு பேரில் ஒருவராக ஐரோப்பா பார்க்கப் போனார். முப்பத்தொரு நாள், ஏழு நாடுகள். தன் ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு போனார். ஆகஸ்ட் முதலாம் திகதி தனியே திரும்பி வந்தார்.

மகன் எங்கே என்று ஒழுங்கையில் யாரும் கேட்கவில்லை. மச்சானுக்குப் பத்தொன்பது வயது. அந்த வருடங்களில் கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால், அன்றைக்கே எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பையன்களைப் பொலிஸ்காரர் வீடு வீடாக வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மச்சானை இரண்டு தரம் ஏற்றினார்கள். இரண்டாம் தரம் மூன்று நாள் கழித்து வந்தவன், யாராவது கூப்பிட்டால் வலது காதைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியிருந்தான். அதற்குப் பிறகுதான் மாமாவுக்கு ஐரோப்பா பார்க்கும் ஆசை வந்தது.

மாமி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கடைசி ஊர் பாரிஸ். அங்கே மாமியின் ஊர்க்காரர் குடும்பமொன்று இருந்தது. அதுவரைக்கும் மகன் தகப்பனை விட்டு விலகக்கூடாது. அந்த வீட்டு வாசலில் தகப்பனே தன் கையால் கொண்டுபோய் விடவேண்டும். மாமா அப்படியே செய்துவிட்டதாக வந்து சொன்னார். மகனிடமிருந்து கடிதம் மட்டும் வரவில்லை. பிரான்ஸில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்றார். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டு அறைகளைப் பிரித்தது ஒட்டுப்பலகை. அம்மாவும் மாமியும் அதைச் சுவர் என்று நினைத்துக் கதைத்தார்கள்.

கடிதம் வராத அந்தப் பதினைந்து நாளும் மாமிக்கு அல்பம்தான் கடிதம். மாமா படங்களைக் கழுவி எடுத்து, தானே இருந்து அடுக்கியிருந்தார். பக்கத்துக்கு நாலாக நாற்பத்து நாலு பக்கம், நூற்று எழுபத்து மூன்று படங்கள். மாமி மலை, பாலம், கோபுரம் எதையும் பார்க்கமாட்டார். மகன் நிற்கும் பக்கங்களில் மாத்திரம் நிற்பார். அவன் எல்லா இடத்திலும் இருந்தான். பனிமலைக்கு அடுத்த பக்கத்தில் ஒரு நீரூற்றடியில். காற்றாலைகளுக்கு நடுவில் ஐஸ்கிறீமோடு. கடைசிப் பக்கத்தில் கையில் மண்ணிறப் பையோடு ஒரு ரயில் நிலையத்தில், கமராவைப் பார்க்காமல். "இது பாரிஸ், விட்டிட்டு வரேக்க எடுத்தது" என்று மாமா சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக் தாள் மாமியின் விரல் பட்டு மங்கிப்போயிருந்தது.

எனக்கு அந்த அடுக்கு பிடிக்கவில்லை. பனிமலைப் படத்தில் மாமா போட்டிருந்த கம்பளிச் சட்டை அடுத்த படத்தில் இல்லை, அதற்கடுத்ததில் திரும்ப இருந்தது. படம் கழுவிய கடைக்காரன் குழப்பிவிட்டான், மாமா கவனிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். அந்தச் சனிக்கிழமைக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட விடுமுறை. மாமா வேலைக்கும் மாமி கோயிலுக்கும் போக, என்னை வீட்டுக்குக் காவல் வைத்தார்கள். நெகட்டிவ் உறைகள் அலுமாரித் தட்டில் இருந்தன. ஐந்து உறை, ஒன்று முதல் ஐந்து வரை இலக்கமும் போட்டிருந்தது. ஒவ்வொரு உறையிலும் துண்டுகளின் ஓரத்தில் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை எண்கள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நூற்று எழுபத்து மூன்று படங்களையும் கழற்றி, பின்புறத்தில் பென்சிலால் இலக்கமிட்டு, எடுத்த ஒழுங்கிலேயே திரும்ப வைத்தேன். இரண்டு மணி நாற்பது நிமிடம் சென்றது. ஒரு படமும் கிழியவில்லை. இதற்காக மாமா எனக்கு ஏதாவது தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொண்டுவந்த சொக்கலேற் பெட்டியில் இன்னும் ஒன்பது இருந்தன.

சனிக்கிழமை பின்னேரம் படம் பார்க்கத் தெஹிவளையிலிருந்து மாமியின் அக்காவும் அவர் கணவரும் வந்தார்கள். அந்தக் கணவரை மாமா சகலன் என்பார். பெரிய குரல், பெரிய வயிறு. அம்மாவும் நானும் மேலே போனோம். மாமி தேத்தண்ணியும் வடையும் வைத்தார். மாமா அல்பத்தை மடியில் வைத்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

முதல் பன்னிரண்டு பக்கமும் இத்தாலி, பெரும்பாலும் ரோமாபுரியும் வெனிஸும். மாமா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் திருப்ப அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரு வாவிக்கரையில் மாமா தனியே நின்றார். பதினான்கிலும் தனியே. பதினைந்து, பதினாறிலும்.

"என்ன ஐசே, மகன் களைச்சுப்போனானோ? இப்ப கொஞ்ச நேரமா நீர் மட்டும்தான் நிக்கிறீர்" என்றார் சகலன்.

"அவன்தானே படம் எடுக்கிறான்" என்றார் மாமா. உடனே சொன்னார், நல்ல பதில்தான்.

"அதுதானே பாத்தன். இதில உம்மட தலை பாதி இல்லை. பெடியன் தகப்பனில என்ன கோவமோ."

எல்லாரும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. எட்டி அல்பத்தை வாங்கி நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே ஈபிள் கோபுரத்தின் ஒரு காலடியில் மாமா நின்றார். இரண்டு கையும் இடுப்பில், பல்லெல்லாம் தெரிய.

"ஸ்ரேசன் படம் எங்க?" என்று மாமி கேட்டார்.

எனக்குத் தெரிந்த கேள்வி. "பன்னிரண்டாம் பக்கம், மாமி. அது பாரிஸ் இல்லை, மிலான். கடைக்காரன் பிழையா அடுக்கினவன், நான் நெகட்டிவைப் பாத்துத் திருத்தினனான். ரெண்டாம் றோலில பத்தாவது மிலான் கோயில், பதினோராவது மச்சான், பன்னிரண்டாவது சுவிஸ் வாவி."

"பிறகு?"

"பிறகு மச்சான் இல்லை. நூற்றிருபத்தாறு படம், ஒண்டிலயும் இல்லை."

அம்மா என் தோளைப் பிடித்தார், அது இறுக்கமாக இருந்தது. மாமி பக்கங்களைப் பின்னாலிருந்து முன்னுக்கு ஒவ்வொன்றாகத் திருப்பினார். முப்பத்திரண்டு பக்கத்தையும் திருப்பினார். எல்லாவற்றிலும் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். காற்றாலை முன்னால், பூந்தோட்டத்தில், வள்ளத்தில், கையில் கிளாஸோடு ஒரு மேசையில்.

"எத்தினையாம் நாள் மிலான்?" மாமி மாமாவைத்தான் கேட்டார்.

"ஒன்பதாம் நாள்."

"ஆரிட்ட விட்டனீங்கள்?"

"ஏஜென்சிக்காரன்ர ஆள் ஒருத்தன் வந்தவன். அவன்தான் கூட்டிக்கொண்டு போனவன். பாரிஸுக்கு எங்களுக்கு முன்னம் கொண்டுபோய்ச் சேர்க்கிறன் எண்டவன்."

"சேர்த்தவனோ?"

மாமி அல்பத்தை மூடி மேசையில் வைத்தார். குரல் உயரவேயில்லை. "பிள்ளை எங்க எண்டு தெரியாம, இருபத்திரண்டு நாளும் நீங்கள் என்னத்துக்குச் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

சகலன் எழுந்து ஐந்து நாற்பது ரயிலைப் பிடிக்கவேண்டும் என்றார். அப்போது நேரம் நாலு ஐம்பத்தைந்து. ஸ்ரேசன் ஆறு நிமிட நடை.

எனக்கு ஒருவரும் அடிக்கவில்லை. அது எனக்கு விளங்கவில்லை, அடித்திருந்தால் பிழை எது என்றாவது தெரிந்திருக்கும். அம்மா ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு." கேட்டதற்குத்தான் நான் பதில் சொன்னேன்.

அன்றிலிருந்து மாமி மாமாவோடு கதைக்கவில்லை. சமைத்தார், சட்டைக்கு இஸ்திரிக்கை போட்டார், கதைக்கமட்டும் இல்லை. பள்ளிக்கூடம் தொடங்கும்வரை பகலில் நான் அங்கேதான் இருந்தேன். அதனால் கதை என் வழியாகப் போனது. "மாமாவைக் கேள், சோறு போடட்டோ எண்டு." "மாமிக்குச் சொல்லு, நான் இண்டைக்குப் பாரிஸுக்கு ரெலிபோன் எடுத்துப் பாத்தனான் எண்டு." இருவருக்கும் இடையில் ஏழு அடி தூரம். முதல் வாரத்தில் அறுபத்தொரு செய்தி கொண்டுபோனேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பாரிஸ் செய்தி எப்போதும் ஒன்றுதான். ஆள் இன்னும் வரவில்லை.

மாமா ஒவ்வொரு சனிக்கிழமையும் கொட்டாஞ்சேனைக்குப் போய், காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அந்த ஏஜென்சிக்காரனின் கதவைத் தட்டினார். ஒரு தரம் என்னையும் கூட்டிப்போனார். பிள்ளையோடு வந்தால் அவன் திறப்பான் என்று நினைத்திருக்கவேண்டும். திறக்கவில்லை. பக்கத்துக் கடை முதலாளி, ஒரு முஸ்லிம் பெரியவர், எங்களுக்கு ஒரு வாங்கு தந்து உட்காரச் சொன்னார். "நாங்க பாக்கிறது தானே, தொர. தெனம் நாலு பேர் வாறாங்க" என்றார். மாமா அங்கே ஒரு மணி நேரம் இருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இருக்கவில்லை.

படம் பார்த்த நாளிலிருந்து நாற்பத்து நான்காம் நாள், செப்டெம்பர் 29, திங்கட்கிழமை, கடிதம் வந்தது. பிரெஞ்சு முத்திரை, மச்சானின் கையெழுத்து, பதினோரு வரி. எந்த எல்லையில் எத்தனை நாள் என்று எழுதவில்லை. பாரிஸில் ஊர்க்காரர் வீட்டில் இருப்பதாகவும், ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவதாகவும், அப்பாவில் கோபிக்கவேண்டாம் என்றும் எழுதியிருந்தான். மாமி நின்றபடியே வாசித்தார். பிறகு அதை மடித்து அரிசிப் பேணிக்குக் கீழே வைத்துவிட்டு, காய் வெட்டப் போனார். மாலை மாமா வேலையால் வந்ததும் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் வாசித்து முடிய, "தேத்தண்ணி ஆறுது" என்றார். அது எனக்குச் சொன்னதல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போனபோது, மாமி நிலத்தில் பாய் விரித்து அல்பத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். படங்கள் எல்லாம் வெளியே கிடந்தன. ஒரு காற்றாலையை வைத்து, அடுத்ததாக மச்சானின் நீரூற்றை வைத்தார். பனிமலை இரண்டுக்கு நடுவில் வெனிஸ் வள்ளம். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாமி, பிழையா வைக்கிறியள். பின்னுக்கு நான் நம்பர் போட்டிருக்கிறன்."

"தெரியும், தம்பி. நம்பரைப் பாத்துத்தான் வைக்கிறன். நீ அங்கால போய்ப் படி."

ரயில் நிலையப் படம் மறுபடியும் நாற்பத்து நாலாம் பக்கத்துக்குப் போனது.

அதன் பிறகு அந்த அல்பத்தைப் பார்க்க வந்தவர்கள் பலர். மாமா ஊர் ஊராகச் சொல்வார். மகனைக் காணவில்லையே என்று யாரும் தொடங்குமுன், மாமி தலை வெட்டுப்பட்ட படத்தைக் காட்டி, "இது எங்கட ஆள் எடுத்தது. அவன் எடுத்தா இவருக்குத் தலை இராது" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் அந்தப் பொய்யை மாமாவைவிட நன்றாகச் சொன்னார். தெரிந்துகொண்டே ஒருவர் இப்படிப் பிழையாக அடுக்கலாம் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாமிக்கு எண்கள் பிடிபடவில்லை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன்.

பதினாறு வருடம் கழித்து, ஒரு கண் வைத்தியரின் வாசலில், இலக்கம் நாற்பத்தொன்றோடு மாமாவும் நானும் காத்திருந்தபோதுதான் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் வாய் திறந்தார். இப்படிச் சுற்றுலாவில் வரும் பையன்கள் கடைசி ஊரில்தான் ஓடுவார்களாம். அதனால் பாரிஸுக்கு இரண்டு நாள் முன்பே வழிகாட்டிப் பெண் அவர்களின் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துவிடுவாள். முதல் பத்து நாளில் யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிக் கொடுத்திருந்தான். மகன் மிலானில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறான், பாரிஸில் வந்து சேர்வான் என்று மாமா வழிகாட்டியிடம் சொன்னார். காலையில் பஸ் புறப்படுமுன் வழிகாட்டி தலைகளை எண்ணும்போது, ஒரு தகப்பனின் முகம் வேறுமாதிரி இருந்தால் அவள் அங்கேயே பொலிசுக்கு அறிவித்திருப்பாள். "அதால கமராவை அவவின்ர கையிலயே குடுத்தனான்," என்றார் மாமா. "ஒவ்வொரு இடத்திலயும். அவதான் எல்லாம் எடுத்தவ."

இதை மாமியிடம் எப்போது சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லேல்ல. அவ கேக்கவுமில்லை."

எல்லாமாக எவ்வளவு காசு முடிந்தது என்று கேட்டேன். மாமா பழைய கிளாக்கர், நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றுலாவுக்கு ஆளுக்கு ஐம்பத்து நாலாயிரத்து இருநூற்றைம்பது, இரண்டு பேருக்கு. ஏஜென்சிக்காரனுக்கு அறுபத்தையாயிரம். மகன் கூட்டத்தோடு திரும்பி வருவான் என்பதற்காகக் கொம்பனியில் கட்டி, திரும்ப வராத பிணைப்பணம் ஐம்பதாயிரம். கண்ணை மூடிக்கொண்டு, விரல் மடக்காமல் சொன்னார்: இரண்டு இலட்சத்து இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.