"ஏத்துக்காதீங்க" என்று எழுதிய மெகர் அக்கா

செய்தி அக்காவின் கணக்கிலிருந்தே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆர்குட் என்ற இணையதளத்தில் எங்கள் தொழிற்சாலைக் குழுவைத் திறந்து வைத்துக்கொண்டு, மறுநாள் லோடு விவரத்துக்காகக் காத்திருந்தோம். "மெகருன்னிசா பொண்ணு எழுதறேன். அம்மா காலைல மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் பொன்னேரியில அடக்கம்" என்று வந்தது. அதன் கீழே விழுந்த முதல் பதில், "நோட்டட்". போட்டவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்தக் குழுவில் எது வந்தாலும் அப்படிப் போட்டே எங்கள் கை பழகியிருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், எங்கள் வால்வு தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பிரிவு அக்காவின் பொறுப்பு. எனக்குப் பக்கத்து மேசை. கம்பெனி மெயில் அடிக்கடி படுத்துவிடுகிறது என்று எங்கள் ஜி.எம். இந்தக் குழுவைத் தொடங்கியபோது எல்லோருக்கும் குஷிதான். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் அதில் உத்தரவு வர ஆரம்பித்தது. பதில் போடாத ஆளை மறுநாள் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார். அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. சென்னையில் ஹாஸ்டலில் படிக்கும் ஒரே மகள் வீட்டுக்கு வரும் நாளும் ஞாயிறுதான். மகளை வீட்டில் விட்டுவிட்டு அக்கா பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பார்.

ஆர்குட்டில் ஒருவரைப் புகழ்ந்து 'டெஸ்டிமோனியல்' எழுதலாம். அவர் ஏற்றுக்கொண்டால்தான் ஊருக்குத் தெரியும். அதுவரை அவர் கண்ணுக்கு மட்டும். அதனால் ரகசியம் பேசவும் நாங்கள் அதையே பயன்படுத்தினோம். அக்காவும் ஜி.எம்.முக்கு ஒன்று எழுதினார். "சார், ஞாயித்துக்கெழமை மட்டும் என்னை உட்ருங்க. உங்க ஒரு லைனுக்கோசரம் நான் இங்க குந்திக்கினு கீறேன், எம்பொண்ணு ஊட்ல தனியா குந்திக்கினு கீது. இத ஏத்துக்காதீங்க, உங்களுக்கு மட்டும்தான்."

ஜி.எம். யார் எழுதினாலும் படிக்காமலே ஏற்றுக்கொள்கிறவர். எண்ணிக்கை ஏறினால் போதும் அவருக்கு. அக்கா எழுதியது அவர் பக்கத்தில் பளிச்சென்று வந்துவிட்டது. ஆபீஸ் முழுக்கப் படித்தது, யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் படித்த குற்றம், சொல்லாவிட்டால் மறைத்த குற்றம். கேன்டீனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தோம்.

கடைசியில் ஒரு கஸ்டமர்தான் போன் செய்து அவரிடம் சொன்னார். அக்காவைக் கூப்பிட்டபோது நானும் லாரி பேப்பர்களோடு உள்ளே நின்றிருந்தேன்.

"இன்னாம்மா, ஊரே பாக்கற மாதிரி எழுதி வச்சிருக்கீங்க?"

"நான் உங்களுக்குத்தான் சார் எழுதினேன். ஊருக்குக் காட்டினது நீங்க."

அவர் அப்போதுதான் முழுதாகப் படித்தார். நீக்கினார். "எழுத இவ்ளோ ஆர்வம் கீதுல்ல? இனிமே குரூப்ப நீங்களே பாத்துக்குங்க" என்றார். இனி யார் எதைப் போட்டாலும் அக்காதான் எல்லோரிடமும் பதில் வாங்கித் தர வேண்டும். அதுவரை ஞாயிறில் அரை நாள்தான் போனது, இப்போது முழுதும் போயிற்று.

வெளியே வந்ததும் அக்கா சிரித்தார். "கதவத் திறக்கச் சொல்லித் தட்னேன் சேகரு, உள்ள இஸ்து வச்சிப் பூட்டிக்கினாரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. வேறு கம்பெனிக்குப் போய்விடுங்கள் என்றேன். "எங்க போறது? இந்த ஏரியால கீற அத்தினி ஜி.எம்மும் அவரு ஃப்ரெண்டு லிஸ்ட்ல கீறாங்கப்பா" என்றார். அதன் பிறகு மகளே பிரவுசிங் சென்டருக்கு வர ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்து அம்மாவுக்கு ஊட்டிவிடுவாள், அம்மாவின் கை கீபோர்டில் இருக்கும். ஒருமுறை அதை நானே பார்த்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் எல்லோரும் குழுவில் அஞ்சலி எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் எழுதவில்லை. குழுவுக்கு வெளியே, அக்காவை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன். போன வாரம் ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, குழுவை இனி நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எதையும் முகத்துக்கு நேரே சொல்லும் அக்காவின் பழக்கம், அதுதான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. "ஞாயித்துக்கெழமை வர மாட்டேன் சார்" என்றேன். ஜி.எம். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்று ஞாயிறு. வீட்டில்தான் இருக்கிறேன். பிள்ளைகள் கேரம் ஆடக் கூப்பிடுகிறார்கள். போன் அடிக்கிறது, ஜி.எம்.தான்.