காணாமல் போகாத பட்டன்

"என்னாமா, பட்டனைக் காணோம்?" என்று சார் என்னைக் கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை காலையில். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில், உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். படி ஏறும்போதே யூரியா வாசனை மூக்கைப் பிடிக்கும். விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த நான், தோள்பையைக்கூட இறக்காமல் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். கணினித் திரையின் இடது ஓரத்தில், எப்போதும் இருக்கிற இடத்தில், பட்டன் இருந்தது. சின்ன வீட்டுப்படம் போட்ட பச்சைப் பட்டன். "இருக்குதே சார்" என்றேன். அவர் தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப வந்துடுச்சி. இவ்ளோ நேரம் இல்ல" என்றார். என்னைக் கண்டதும் பயந்து வந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டு டீ சொல்லப் போனேன்.

சார் சிவில் டிப்ளமோ படித்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டுக்கு பிளான் போட்டு, அதை முப்பரிமாணத்தில் எழுப்பி, கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். எங்கள் பக்கத்தில் எவ்வளவு படித்தவர் வீடு கட்டினாலும் கடைசியில் மனையடி சாஸ்திரத்தில்தான் வந்து நிற்பார். அறையின் உள்கூடு, அதாவது சுவருக்குச் சுவர் உள்ளளவு, பதினோரு அடி என்றால் முகம் மலரும், பன்னிரண்டு என்றால் காபியைக்கூடத் தொடமாட்டார். பிளான் எல்லாம் முடிந்து பிரிண்ட் கொடுத்த பிறகு, "இந்த ரூமு ஆவாதுங்களாமே" என்று கண்டாச்சிபுரத்திலிருந்து திரும்பி வருவார்கள். ஒரு சுவரை நகர்த்தினால் வீடு முழுக்க நகரும். இந்தப் பேஜாரு தாங்காமல்தான் சார் அந்தக் கருவியை எழுதினார். வரைகிற மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் கருவி அது. சுவரை இழுக்கும்போதே பூச்சுக் கனத்தைக் கழித்து உள்கூட்டைக் கணக்குப் பார்க்கும். ஆகாத அளவு என்றால் அறை சிவப்பாகும், நல்ல அளவு என்றால் பச்சை. எல்லா அறையும் பச்சையான பிறகு அந்தப் பட்டனை அமுக்கினால், கோடாகக் கிடந்த வீடு கதவு ஜன்னலோடு எழுந்து நிற்கும். முதல் தடவை பார்த்தபோது நான் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

விழுப்புரம், செஞ்சி, அனந்தபுரம் என்று பிளான் போடுகிற கடைகளுக்கெல்லாம் அது பென் டிரைவில் பரவியது. பரவிய இடத்திலெல்லாம் மக்கர் செய்தது. தினமும் போன் வரும். பட்டன் வரவில்லை, பட்டன் வருகிறது வேலை செய்யவில்லை, வேலை செய்கிறது வீடு தலைகீழாக நிற்கிறது. மென்பொருளின் பதிப்பு வேறாக இருக்கும், இல்லை கருவியை வைத்த இடத்தை மென்பொருளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவர் கருவியை டெஸ்க்டாப்பில் வைத்திருந்து, சரஸ்வதி பூஜைக்கு கணினியைச் சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிட்டு, பட்டன் மட்டும் ஏன் போச்சு என்று கேட்டார். சார் யாரிடமும் முகம் சுளிக்கமாட்டார். போனிலேயே கை பிடித்துக் கூட்டிப்போவதுபோலச் சொல்லிக் கொடுப்பார். கல்யாணம் எப்போது சார் என்று யாராவது கேட்டால், அடுத்த பதிப்பு சரியாகட்டும் என்பார். அது சரியாகும்போது அதற்கடுத்தது வந்துவிடும்.

அதனால் அவருடைய கணினியிலேயே பட்டன் காணாமல் போனது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. கருவியைக் கழற்றி மறுபடி ஏற்றினார். மென்பொருள் திறக்கும்போதெல்லாம் பட்டனைக் கட்டாயமாகக் கொண்டுவரும்படி நிரலில் புதிதாக ஒரு வரி சேர்த்தார். வைரஸ் என்று சந்தேகப்பட்டு கணினியின் வன்வட்டையே துடைத்தார். ஆனாலும் பட்டன் சில நேரம் இருந்தது, சில நேரம் இல்லை. நான் பார்க்கும்போது மட்டும் எப்போதும் இருந்தது. அந்த நாட்களில்தான் அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். இடப்பக்கம் வைத்த டீயைத் தட்டிவிட்டார். எனக்கு ஏதோ உறைத்தது. அவரை நேராகத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இடது காதுப் பக்கமிருந்து ஒரு பென்சிலை மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். தெரிந்தால் சொல்லுங்கள் சார் என்றேன். பென்சில் அவர் மூக்குக்கு நேரே வரும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பாண்டிச்சேரியில் கண் டாக்டர், கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பு கருகிவிட்டது என்றார். ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே வரும் நோயாம். வலிக்காது, சிவக்காது, போன பிறகுதான் போனது தெரியும். போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம், அதற்கும் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் சார் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "அப்ப புரோகிராமுல தப்பே இல்ல. நல்லா இருந்ததைப் போயி நோண்டிக்கினு இருந்திருக்கேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் அதுவும் தேவையில்லை என்று பிறகுதான் உறைத்தது.

ஆள் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் கணக்குப் போட்டார். கண் போனால் பிளான் போட முடியாது. ஆனால் கருவி இருக்கிறது. இதுவரை இலவசமாகக் கொடுத்ததை இனி வருடச் சந்தாவுக்குக் கொடுத்தால், கடைகள் கட்டும் பணத்தில் காலம் தள்ளலாம், யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. விழுப்புரத்தில் ஒரு மனை புரோமோட்டர் இருந்தார். புறவழிச்சாலைப் பக்கம் நகர் நகராகப் போட்டு விற்றுக்கொண்டிருந்தவர். அவர் எடுத்துக்கொண்டால், அவரிடம் வேலை செய்கிற கடைகள் எல்லாம் எடுத்துக்கொள்ளும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வரைகிற மென்பொருளுக்கு அந்த வருடம் வந்த புதிய பதிப்பில் கருவி ஓட வேண்டும். கண் போவதற்குள் அதை ஓட வைத்துவிட்டால் சார் பிழைத்தார், இல்லையென்றால் அனந்தபுரத்தில் அக்கா வீட்டு நிழலில் சோறு. எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் புதிய பதிப்பில், சார் எந்த நிரல்மொழியில் கருவியை எழுதினாரோ அந்த மொழியையே தூக்கிவிட்டார்கள். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் பழசு என்று யாரோ முடிவு செய்ய, திண்டிவனத்தில் ஒரு மனிதர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த முகம் தெரியாதவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. சாருக்குத் திரையில் ஒரு ரூபாய்க் காசு அளவுதான் தெரிந்தது. பிறகு அதுவும் புகைந்தது. அப்புறம் நான் வாசித்தேன், அவர் கேட்டார். எண், எழுத்து, காற்புள்ளி, அடைப்புக்குறி ஒன்றையும் விடாமல் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அங்க நிறுத்து. ரெண்டு வரி மேல போ" என்பார். கீழே உரக்கடைக்காரர் ஏதோ பாராயணம் நடக்கிறது என்று நினைத்திருந்தார். பிழை வந்தால் கணினி டிங் என்று ஒரு சத்தம் போடும். சத்தம் வந்தால் நான் பெட்டியில் உள்ளதை வாசிப்பேன். பெட்டி என்றால், பிழையைச் சொல்லிக்கொண்டு திரை நடுவில் வந்து நிற்குமே, அது. சத்தம் வராவிட்டால் ஓடுகிறது என்று அர்த்தம். அவருக்கு அந்த ஒரு சத்தம்தான் கண்ணாக இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் டிங் சத்தம் வரவில்லை. வீடு எழுந்து நின்றது. சொன்னேன். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் எழுந்தது. புரோமோட்டரிடம் காட்டுவதைத் தானே செய்வேன் என்றார். கண்ணு சரியில்லை என்று தெரிந்தால் சாமானும் சரியில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. மௌஸையே தொடாமல், எல்லாவற்றையும் விசைப்பலகையிலேயே செய்யும்படி ஒத்திகை பார்த்தார். விரல் தடுமாறவே இல்லை. என்னையே ஏமாற்றிவிடும் அளவுக்கு நன்றாகச் செய்தார்.

விழுப்புரம் போனபோது அந்த அலுவலகத்தில் கரண்ட் இல்லை. மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் வந்ததும் அவர்கள் கணினியில் கருவியை ஏற்றினேன். பட்டன் வந்தது. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கையை வைப்பதற்குள் புரோமோட்டர் தன் என்ஜினியரோடு உள்ளே வந்து, மறுபடி கரண்ட் போவதற்குள் ஜல்தியா ஆரம்பிக்கச் சொன்னார். சார் உட்கார்ந்தார். விசைகளைத் தடவி இடம் கண்டுகொண்டார். முதல் கட்டளையை அடித்ததுமே திரை நடுவில் பெட்டி வந்து நின்றது. அந்தக் கணினிக்கு ஸ்பீக்கர் கிடையாது. சத்தம் வரவில்லை. அதனால் சாருக்கு அது ஓடிக்கொண்டிருந்தது.

"இதான் ஹாலு. உள்கூடு பதினாறு. பாருங்க, பச்சையாயிடுச்சி" என்றார். அவர் அடித்த விசைகளெல்லாம் அந்தப் பெட்டியில் மோதி வீணாகிக்கொண்டிருந்தன. சமையலறைக்குக் கிழக்கு வெளிச்சம் எப்படி வருகிறது என்று சொன்னார். மாடிப்படிக்குக் கீழே பூஜை மாடத்தைக் காட்டினார். "இப்ப சுவரு எழும்புது பாருங்க" என்று இரண்டு கையையும் மேலே தூக்கினார். அவர் அவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதில்லை. குனிந்து அவர் காதில் சொல்லப் போனேன். புரோமோட்டர் எனக்கு மட்டும் தெரியும்படி கையை உயர்த்தி, வேண்டாம் என்று தலையசைத்தார். சாருக்குக் கண் தெரியவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு முழுவதையும் சுற்றிக் காட்டி முடித்துவிட்டு, சார், "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். "நல்லா இருக்குதுங்க சார். ரொம்ப நல்லா இருக்குது" என்றார் புரோமோட்டர். குழந்தையிடம் பேசுகிற குரல். சார் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா."

"ஒரு பெட்டி வந்து நிக்குது சார்."

"எப்பலேந்து?"

"மொதல்லேந்து சார்."

அவர் விசைப்பலகையை மெதுவாகத் தள்ளி வைத்தார். எங்களுக்குக் காபி வந்தது. குடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.

திரும்பும் பஸ் விக்கிரவாண்டி தாண்டும்போது, பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். சொன்னேன். துணைக் கோப்பு ஒன்று அந்தக் கணினியில் இல்லை. அவர் லேசாகச் சிரித்தார். அரை நாள் வேலை என்றார். அது உண்மைதான். எந்தக் கோப்பைச் சேர்க்க வேண்டும் என்று அவர் சொல்ல, மறுநாளே நான் சேர்த்தேன். வேறொரு கடையில் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தேன். பிசகில்லாமல் ஓடியது. புரோமோட்டரே போன் செய்து, மறுபடி வந்து காட்டச் சொல்லி வருந்தி அழைத்தார். சார் போகவில்லை. நான் மட்டும் போகிறேன் என்றதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கெஞ்சினேன், சண்டை போட்டேன். போவாதம்மா என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஓடுகிற கருவி எங்கள் கையில் இருந்தது. ஓட்ட விடாமல் அவர் அதைச் சாகடித்தார். அடுத்த பதிப்பு வந்தது, அதற்கடுத்தது வந்தது, ஒரு கட்டத்தில் அது எதிலும் ஏறவில்லை. மாடியைக் காலி செய்துவிட்டு அவர் அனந்தபுரம் போனார்.

நான் இப்போது விழுப்புரத்திலேயே ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். இன்றைக்கு வருகிற மென்பொருளில் வரையும்போதே வீடு எழுந்துவிடுகிறது, கை தட்ட யாருக்கும் தோன்றுவதில்லை. யாராவது பட்டனைக் காணோம் என்றால் நான் முதலில் அவர்கள் கண்ணைத்தான் பார்க்கிறேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

போன மாசிக்கு அனந்தபுரம் போயிருந்தேன். சாருக்கு இப்போது வெளிச்சம்கூடத் தெரிவதில்லை. அக்கா தோலோடு வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, முறத்தில் கொட்டி எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போனார். சார் தொழிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிச் சொன்னார். கிளம்பலாம் என்று நான் பையை எடுத்த சத்தம் கேட்டதும், "அன்னிக்கு அவங்க மூஞ்சி எப்படிம்மா இருந்துச்சி?" என்றார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"சிரிச்சாங்களா?"

"இல்ல சார். யாரும் சிரிக்கல. பாவமாத்தான் பாத்தாங்க."

அவர் ஒரு மல்லாட்டையை எடுத்தார். உரிக்காமல் விரலில் வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"சிரிச்சிருந்தா மறுபடி போயிருப்பேம்மா" என்றார்.