விசில் சாரின் முதல் மூன்று பேர்

தையல்காரர் ஒரு பொட்டலத்தை விசில் சார் கையில் கொடுத்ததை நான் பார்த்தேன். விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், பள்ளிக்கூடத்தின் பின்வாசலில். பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டியிருந்தது. சார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதை வாங்கி, பந்தும் சாக்கும் கிடக்கிற சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டினார். அந்த அறையை அவர் பகலில் பூட்டி நான் பார்த்ததே இல்லை.

நான் குழாயடியில் தண்ணீர் டிரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்து ஆயாவுக்கு யார் யாருக்கு எதைக் கொடுத்தால் என்ன? ஆனால் தையல்காரரின் மகள் மூன்றாம் வகுப்பு. மறுநாள் அவளும் ஓடுகிறாள்.

விசில் சார் என்பது எங்கள் விளையாட்டு ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். ஷூ கயிற்றில் கோத்த விசில் ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் கிடக்கும். சாப்பிடும்போது அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். போலீஸ் வேலைக்குப் போய், எல்லா ஓட்டத்திலும் தேறி, உயரத்தில் ஒரு விரல் குறைந்து திரும்பி வந்தவர். பிறகு ஆறு வருடம் ஒரு கிடங்கின் வாசலில் காவல் இருந்தார். எங்கள் பள்ளிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. இன்னும் தற்காலிகம்தான். ஒவ்வொரு வருடமும் விளையாட்டு விழா முடிந்ததும் பெற்றோர் குழு கூடி, அடுத்த வருடம் அவர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும். இந்த முறை அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். குழு வேண்டாம் என்றால் அந்த வீட்டில் சம்பளம் என்று ஒன்று இருக்காது.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. விசில் ஊதி "லைன்!" என்று ஒரு சொல் சொன்னால் போதும், நூற்றெண்பது பிள்ளைகளும் பத்து எண்ணுவதற்குள் உயர வரிசையில் நிற்பார்கள். குட்டை முன்னால், நெட்டை பின்னால். ஒன்றாம் வகுப்புப் பொடிசு கூடப் பக்கத்துப் பிள்ளையின் தோளோடு தன் தோளை அளந்து பார்த்துவிட்டு இடம் மாறும். தலைகளின் மேல் ஒரு நீளப் பலகையைச் சாய்த்து வைத்தால் ஆடாமல் நிற்கும். வெளியாட்கள் யார் வந்தாலும் பெரிய டீச்சர் முதலில் இதைத்தான் காட்டுவார். பெரிய டீச்சர் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை.

விழா அன்று சார் ஓட்டம் தொடங்கும் கோட்டில் நின்றார். முடிகிற இடத்தில் கயிற்றின் ஒரு முனை என் கையில், மறு முனை இரண்டாம் வகுப்பு டீச்சர் கையில். முந்தின வருடங்களில் எனக்குத் தண்ணீர்ப் பந்தலில்தான் வேலை. கயிறு பிடித்தது இதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சார் அங்கிருந்தே கத்துவார்: "கயித்தைத் தொட்ட மொத மூணு பேர் மட்டும் மேஜைக்கு ஓடுங்க! லைன்!" மேஜை தண்ணீர்த் தொட்டி நிழலில், ஐம்பது அடி தள்ளி இருந்தது. அங்கே கணக்கு டீச்சர் உட்கார்ந்து, பிள்ளைகள் நிற்கிற வரிசைப்படி பெயர் எழுதினார்.

மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முதலில் கயிற்றில் மோதியவள் பஸ் டிரைவரின் மகள். ஒட்டகம் என்று மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்கிற நெட்டைப் பெண். அவள் நெஞ்சு பட்டு இழுத்த இழுப்பில் என் உள்ளங்கை எரிந்தது. அடுத்து ரொட்டிக்கடைக்காரரின் மகள். மூன்றாவதாகத் தையல்காரரின் மகள், மூச்சு வாங்கிக்கொண்டு.

ஒலிபெருக்கியில் முதலிடம் என்று தையல்காரரின் மகள் பெயர் வந்தது.

என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். அடுத்துக் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து நடக்கிற போட்டி. அதிலும் டிரைவர் மகள்தான் முதலில் வந்தாள். தையல்காரர் மகள் இரண்டாவது. ஒலிபெருக்கி மறுபடி தலைகீழாகச் சொன்னது. அப்போது பொட்டலம் நினைவுக்கு வந்தது. பரிசு கொடுக்கும்போது சார் தையல்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்கும் நானே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

டிரைவருக்கு அர்த்தம் வைக்க நேரமே ஆகவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"ஆயாம்மா, கயிறு உங்க கையிலதானே இருந்துச்சு? யாரு மொதல்ல தொட்டா?"

"கவனிக்கலைங்க."

"கவனிக்காம கயிறு புடிக்கிறதுக்கு ரெண்டு கம்பு நட்டிருக்கலாமே! சரி, திங்கக்கிழமை குழு கூடுது. அங்க வந்து சொல்லுங்க, கவனிக்கலைன்னு."

திங்கட்கிழமை பெரிய டீச்சர் அறையில் குழுவில் இருந்த ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரும் ரொட்டிக்கடைக்காரரும் அதில் இருந்தார்கள். சாரும் கணக்கு டீச்சரும் சுவரோரம் நின்றார்கள். நான் கதவோரம். பெரிய டீச்சர் கேட்டதும் கயிற்றை யார் முதலில் தொட்டது என்று சொன்னேன். வாய் ஒருமுறை திறந்துவிட்டது, பொட்டலத்தையும் சொல்லிவிட்டேன்.

"பாத்தீங்களா! நெருப்பில்லாமப் புகையுமா?" என்றார் டிரைவர்.

"என்ன சார் பொட்டலம் அது?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

சார் காலைப் பார்த்தபடி, "பேன்ட்டு டீச்சர்" என்றார்.

"என்னது?"

"வெள்ளை பேன்ட்டு. இடுப்பு பத்தலை. பிரிச்சு விட்டுத் தரச் சொன்னேன். டிரில் சாருக்கே தொப்பைன்னு தெரிஞ்சா பிள்ளைங்க சிரிக்கும். அதான் யாரும் பாக்காம..."

யாரோ சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. "ரயில் வண்டி மாதிரி நல்லா ஓட்டறீங்க கதையை. தைச்சுக் குடுத்தது பேன்ட்டாவே இருக்கட்டும். அதுக்குக் கைமாறுதானே இந்த மொத பரிசு?"

பெரிய டீச்சர் அதற்கு மேல் பேசவிடவில்லை. மூன்று பெண்பிள்ளைகளையும் வரச் சொன்னார். அவர்கள் உள்ளே வந்து, ஒரு நொடி ஒருவர் தோளை ஒருவர் பார்த்து, நகர்ந்து நின்றார்கள். தையல்காரர் மகள் முன்னால். ரொட்டிக்கடைப் பெண் நடுவில். டிரைவர் மகள் கடைசியில்.

"யாரும்மா ஓட்டத்துல மொதல்ல வந்தது?"

முன்னால் நின்றவள் திரும்பிப் பின்னால் கை காட்டினாள். "அவ."

"அப்ப மேஜைகிட்ட நீ ஏன் முன்னாடி நின்னே?"

"சார்தான் லைன்னு சொன்னாரே. நான்தானே டீச்சர் குட்டை?"

கணக்கு டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரிய டீச்சர் நெட்டைப் பெண்ணைக் கேட்டார்: "உன்னை மூணாவதுன்னு சொன்னப்போ நீ ஏம்மா பேசலை?"

"மைக்கிலயே சொல்றாங்களே, அப்பச் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க" என்றார் டிரைவர்.

"உங்க பொண்ணுக்குமா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

டிரைவர் மகளைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

அதோடு முடிந்திருக்கும். பெரிய டீச்சர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். சார்தான் கெடுத்தார்.

"டீச்சர், நாலு வருஷமா நான் இப்படித்தான் அனுப்பறேன்."

"சார், கேட்ட கேள்விக்குப் பதில் வந்துடுச்சு" என்று ரொட்டிக்கடைக்காரர் கண்ணைக் காட்டினார்.

"இல்லைங்க. அப்ப நாலு வருஷமா மொத பரிசு வாங்கினதெல்லாம் குட்டைப் பிள்ளைங்கதான். ஓடி ஜெயிச்சவங்க இல்ல."

இந்த மனிதர் ஏன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இதிலும் ஏதோ கணக்கு இருக்கும் என்றுதான் தோன்றியது. குழு பேனாவை மூடிவிட்டது. இரண்டு வாரத்துக்குள் பழைய சான்றிதழ்களையெல்லாம் சரி செய்து பட்டியல் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று சொன்னார்கள்.

மணி அடித்ததும் சார் ஒரு துணிப்பையில் வெற்றுச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். தெருவில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. எதற்கு இந்த ஆள் வீடு வீடாக வருகிறார், யாரைக் காப்பாற்ற என்று கேட்டார்கள். ஒரு வீட்டில், "கண்ணாடி போட்டு மாட்டியாச்சு சார், சொந்தக்காரங்க எல்லாரும் பாத்தாச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். நெட்டைப் பிள்ளைகளின் வீட்டில், இத்தனை நாள் ஏமாற்றினாயா என்று கேட்டார்கள். குட்டைப் பிள்ளைகளின் வீட்டில், எங்கள் பிள்ளை ஜெயித்தது உனக்குப் பொறுக்கவில்லையா என்று கேட்டார்கள்.

பத்தாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தப்பா நெனக்காதீங்க ஆயாம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி, எலுமிச்சம்பழப் போட்டி. உங்க பொண்ணு..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. என் மகள் இப்போது ஆறாம் வகுப்பு, வேறு பள்ளி. இன்றைக்கும் வகுப்பில் அவள்தான் குட்டை. எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்ட எனக்கு, இந்த இரண்டு வாரத்தில் ஒரு தரம் கூட என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அவளுடைய முதல் பரிசுச் சான்றிதழைப் பார்க்கத் தோன்றவில்லை.

உள்ளே போய் அவளைக் கேட்டேன். "நீதானே மொதல்ல வந்தே?"

"ஆமா" என்றாள், கேள்வி முடிவதற்குள். நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எழுதவும் இல்லை.

நான் அங்கேயே நின்றேன்.

"ரெண்டாவதும்மா" என்றாள். "வீட்டுக்கு வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ பக்கத்து வீட்டுக்கெல்லாம் எடுத்துட்டுப் போய்க் காட்டிட்டே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றி, தூசி துடைத்து, வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் படியில் உட்கார்ந்து, பையைத் தொடையில் வைத்து, புதுச் சான்றிதழில் இரண்டாம் இடம் என்று நிறுத்தி நிறுத்தி எழுதினார். எழுத்து என் மகளுடையதை விட மோசம். குழுவின் முன்னால் அவரைக் காட்டிக்கொடுத்ததற்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். "மை காயற வரைக்கும் மடிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குழு மறுபடி கூடியபோது பட்டியலில் நாற்பது பெயர் இருந்தது. திருத்தியது ஒன்பது.

"ஒம்பது பேர் குடுத்தாங்கன்னு இவர் சொல்றாரு. நாம நம்பணும். யாரு அந்த ஒம்பது?" என்றார் டிரைவர்.

சார் பட்டியலைத் தடவிப் பெயர் தேடினார். நான் தண்ணீர்க் குவளைகளை வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"அதுல ஒண்ணு எங்க வீட்டோடதுங்க" என்றேன்.

டிரைவர் குவளையை எடுக்க நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட பின்னால், சாரின் வேலைக்கான தாளைத் தன் பக்கம் இழுத்தார். எழுதியிருந்ததை ஒருமுறை படித்தார். திருப்பி, ஒன்றும் எழுதாத பின்பக்கத்தையும் பார்த்தார். மறுபடி திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு வருஷத்துக்குத்தான்" என்றார். "அடுத்த தடவை கயிறு நான் புடிப்பேன்."