நான் தூக்கிய விரல்

அந்த மார்கழி முழுக்க எங்கள் குன்னம் டீமுக்குத் தோல்விதான். தா.பழூரில் மட்டும் ஒரு மேட்ச் ஜெயித்தோம். பேட்டிங் டீம் ஆளே அம்பயராக நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று நின்றவன் நான். தோற்றவர்கள் என்னை "களவாணி அம்பயர்" என்று கத்தினார்கள். நான் தப்பாக எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்துவிட்டது.

பொங்கலுக்கு அரியலூரில் டோர்னமென்ட். அங்கேயும் அம்பயர் நான்தான். நாங்கள் ஜெயிக்க இரண்டே ரன். கையில் ஒரே விக்கெட். எங்கள் டீம் செல்வம் தட்டிவிட்டு ஒரு ரன்னுக்கு ஓடிவந்தான். மறுநாள் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவன். ஸ்டம்ப் சாயும் முன்பே அவன் பேட் கோட்டைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்தேன். எதிர் டீம் மொத்தமும் என்னைப் பார்த்துக் கத்தியது. மறுபடி களவாணிப் பட்டம் வாங்கத் தெம்பில்லை. விரலைத் தூக்கிவிட்டேன்.

எதிர் டீம் கேப்டன் ஓடிவந்து கை கொடுத்தார். "உங்கள மாதிரி நேர்மையான அம்பயர பாத்ததே இல்லங்க."

திரும்பும் பஸ்ஸில் செல்வம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நான் உள்ள வந்துட்டேன்தானடா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவன் பேட்டைத் தொடவே இல்லை. டீமும் கலைந்துபோனது. பொங்கல் மேட்ச் என்றால் இன்றைக்கும் சுற்றுவட்டார டீம்கள் அம்பயராக நிற்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நேர்மையான ஆளாம். நானும் வாயை மூடிக்கொண்டு போய் நிற்கிறேன்.