பல்லிக்குக் கொடுத்த பெல்ட்

அன்று காலை பத்து மணி வரை இஷெனாலியின் இடுப்பில் பெல்ட் இருந்தது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். மாவட்ட அருங்காட்சியகத்தில் காவலாளி. கணவாய்ச் சாலைக்காக மலையை அறுக்கத் தொடங்கியதும், மீனும் இலையும் பதிந்த கற்கள் வெளியே வந்து விழுந்தன. பொறுக்கிவர ஆள் வேண்டும். அருங்காட்சியகத்தில் மலையேறத் தெம்புள்ள முழங்கால் இவருடையது மட்டும்தான். சுத்தியலும் பழைய செய்தித்தாளும் ரெண்டு மூட்டை பிளாஸ்டரும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

முதல் நாளே தப்புப் பண்ணினார். பொக்லைன் ஓட்டும் ஷுகுர்பெக் ஒரு கல்மீனைக் கொண்டுவந்து, "சூயுன்ச்சு, அண்ணே" என்று விளையாட்டாகக் கை நீட்டினான். நல்ல சேதி கொண்டுவந்தவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. பிள்ளை பிறந்தாலும் சரி, காணாமல் போன குதிரை கிடைத்தாலும் சரி. இஷெனாலி சந்தோஷத்தில் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து லாரிக்காரன், வெடி வைக்கிறவன், சமையல்காரன் எல்லோரும் நல்ல சேதியோடு வந்தார்கள். மப்ளர் ஒரு இலைக்குப் போனது. பிளாஸ்க் ஒரு கரப்பான் இறக்கைக்கு.

"கரப்பானுக்குப் பிளாஸ்க்கா?" என்றாள் மனைவி புருல்கான். "நம்ம அடுப்படியில நெறைய ஓடுது. எனக்கு யாரு குடுப்பா?"

"அது கோடிக்கணக்கான வருஷத்துக் கரப்பான்."

"இதுங்களும் அப்பருந்து இங்கதான் இருக்கும் போல."

அன்று காலை ஷுகுர்பெக் சுரண்டிய பாறையில் தலை முதல் வால் வரை முழுசாக ஒரு பல்லி பதிந்து கிடந்தது. ஆள் நீளம்.

"தொப்பி ஆம்பளைக்கு மானம். அதைக் கேக்க மாட்டேன் அண்ணே, நானும் மனுசன்தான்" என்றான். "பெல்ட் போதும்."

ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி இஷெனாலி கீழே இறங்கி, இன்ஜினியர் முர்ஸாபெக்கிடம் போனார். பிளாஸ்டர் பூசி, காயவைத்து, அடியில் அறுத்தெடுக்க ரெண்டு நாள் வேண்டும்.

"நாளைக்குக் காலையில அங்க கான்கிரீட் போடறேன்" என்றார் முர்ஸாபெக். "இத்தனை காலம் கல்லுக்குள்ள கிடந்துச்சு. இனிமே கான்கிரீட்டுக்குள்ள கிடக்கட்டும். அதுக்கு என்ன கஷ்டம்?"

இஷெனாலி திரும்ப ஏறிப் பல்லி பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு என்ன செய்ய. அந்த மேட்டில் மட்டும்தான் போன் எடுக்கும். அதனால் எல்லோர் வீட்டுச் சேதியும் அவர் போனுக்குத்தான் வரும். மத்தியானம் இன்ஜினியரின் மனைவி கூப்பிட்டாள்.

"தம்பி, அவர்கிட்ட சொல்லுங்க. பேரன் பொறந்திருக்கான்."

இஷெனாலிக்குக் காது மந்தம் என்பதால் போனை எப்போதும் சத்தமாக வைத்திருப்பார். ஷுகுர்பெக்குக்கும் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இன்ஜினியர் கையில் நல்ல கடிகாரம் உண்டு. ஷுகுர்பெக் பொக்லைனிலிருந்து குதித்தான்.

அவன் பாதையில் ஓடினான். அவனுக்கு வயது இருபத்தாறு, இடுப்பில் புது பெல்ட் வேறு. இஷெனாலிக்கு ஓட்டம் சரிப்படாது. தொப்பியை ஒரு கையாலும் கால்சட்டையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, சரளைச் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கினார். பின்பாக்கெட் ரெண்டும் கிழிந்து வழியிலேயே நின்றுவிட்டன. அவர் முன்னால் வந்து சேர்ந்தார்.

"சூயுன்ச்சு, தலைவரே. பேரன்."

முர்ஸாபெக் அவரைக் கட்டிக்கொண்டார். நாற்பது ஆட்கள் பார்க்கக் கடிகாரத்தைக் கழற்றினார். "பிடி."

"கடிகாரம் வேண்டாம். ரெண்டு நாள் குடுங்க."

மூச்சிரைக்க வந்து நின்ற ஷுகுர்பெக், "அவரு வேண்டாம்னா நான் வாங்கிக்கிறேன்" என்றான்.

"ஒரு நாள் தர்றேன்" என்றார் இன்ஜினியர்.

"பேரன் முழுசாத்தானே தலைவரே பொறந்திருக்கான்?"

ஆட்கள் சிரித்தார்கள். முர்ஸாபெக் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு, "கான்கிரீட் லாரியைத் திருப்பி அனுப்பு" என்றார்.

மூன்றாம் நாள் லாரி வீட்டு வாசலில் நின்றது. மேலே வெள்ளை மூட்டையாகப் பல்லி. இஷெனாலி இடுப்பில் கயிறு.

"கடிகாரம் குடுத்தாராமே?" என்றாள் புருல்கான்.

"வேண்டாம்னுட்டேன். ரெண்டு நாள் வாங்கிக்கிட்டேன்."

அவள் லாரியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் தம்பி விட்டுப்போன பழைய பெல்ட்டைக் கொண்டுவந்தாள்.

"இதையும் எவனுக்காவது கழட்டிக் குடுத்தீங்க," என்றாள், "உங்களுக்கும் சேர்த்து பிளாஸ்டர் பூசிடுவேன்."